எக்ஸ்போஷர் ஆய்வில் இளம் ஆய்வாளர் விருது: விண்ணப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு மாசு காற்று, தண்ணீர், உணவு, தூசி, தோல் என்று எந்த வழியாக மனிதரைச் சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு நேரம் சேர்கிறது என்பதை அளந்து சொல்வதுதான் எக்ஸ்போஷர் அறிவியல். முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கென்று இந்தத் துறையில் தனி விருதுகளும் நிதிகளும் இருக்கின்றன. படிவத்தை நிரப்புவது எப்படி என்று அந்தந்த அமைப்பே விளக்கமாக எழுதிவைத்திருக்கும். படிவத்தில் இல்லாமல் மதிப்பீட்டாளர்கள் மனத்தில் இருக்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

விருது என்றால் பட்டயமா, பணமா?

இரண்டும் உண்டு. எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே செய்த வேலையைப் பாராட்டித் தருவது ஒரு வகை. பன்னாட்டு எக்ஸ்போஷர் அறிவியல் சங்கம், கட்டடங்களுக்குள் இருக்கும் காற்றை ஆராய்ந்த வேதியியலாளர் ஜோன் டெய்சியின் பெயரில் தரும் இளம் விஞ்ஞானி விருது அப்படிப்பட்டது. இந்த வகைக்கு உங்கள் கட்டுரைகளும் உங்களை நன்றாக அறிந்த ஒருவரின் கடிதமும்தான் பேசும்.

இனிச் செய்யப்போகும் ஆய்வுக்குப் பணம் தருவது இன்னொரு வகை. பாஸ்டனில் உள்ள ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட், வால்டர் ரோசன்பிளித் பெயரில் தரும் புதிய ஆய்வாளர் விருது ஓர் எடுத்துக்காட்டு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் 3 ஆண்டுகளுக்கு 5 லட்சம் டாலர் வரை என்று இருந்தது. காற்று மாசு சார்ந்த ஆய்வுக்கு மட்டும்தான் தருவார்கள். தண்ணீரில் ஆர்சனிக் என்று எழுதினால் எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். அமெரிக்காவின் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் 2006இல் தொடங்கிய ‘ஒன்ஸ்’ விருதும் இந்த இரண்டாம் வகைதான்.

கீழே இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்கான பதில்கள்.

‘ஆரம்பநிலை’ என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு கணக்கு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனங்கள்) உயர்ந்த பட்டம் (அல்லது மருத்துவப் பயிற்சி) முடிந்து 10 ஆண்டுக்குள் இருப்பவரை ஆரம்பநிலை ஆய்வாளர் என்கிறது. அதே என்ஐஎச்சின், தனி ஆய்வாளராக உயர உதவும் கே99 நிதிக்கோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். ஆகவே, “நான் இன்னும் இளம் ஆய்வாளர்தானே?” என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இடைவெளிகளை மறைக்காதீர்கள். குழந்தைப்பேறு, நோய், குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டது போன்றவற்றுக்குக் காலக்கெடுவை நீட்டித்துத் தருவார்கள். குழந்தை பிறந்தால் என்ஐஎச் ஓராண்டு நீட்டிக்கிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மார்களுக்குக் குழந்தைக்கு 18 மாதம் என்று கணக்கில் சேர்க்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், அதையும் கடைசி நாளுக்கு வெகுமுன்பே கேட்க வேண்டும்.

என் பட்டம் வேதியியலில் (அல்லது பொறியியலில், புள்ளியியலில்). விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. இந்தத் துறையே வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டியதுதான். ஆளோடு கூடவே அளவுமானியை அனுப்பி அளக்கும் முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்களில் ஒருவரான லான்ஸ் வாலஸ் அடிப்படையில் இயற்பியல்காரர்.

நான் பத்து இடங்களில் காற்றின் தரத்தை அளந்திருக்கிறேன். இது எக்ஸ்போஷர் ஆய்வு ஆகாதா?

தானாக ஆகாது. மதிப்பீட்டுக் குழுவில் விண்ணப்பங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடத்தின் செறிவு வேறு, ஆளின் எக்ஸ்போஷர் வேறு. 1990இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் பீட்டீம் என்ற ஆய்வு நடந்தது. அங்கே குடியிருப்பவர்களின் வீட்டுக்குள்ளும் வீட்டு வாசலிலும் அளவுமானி வைத்தார்கள், அவர்களின் உடலிலும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். பகல் நேரத்தில் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டருக்கு மிகாத குறுக்களவுள்ள) நுண்துகள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் கன மீட்டருக்கு ஏறக்குறைய 95 மைக்ரோகிராம். ஆளின் மேல் இருந்த மானியிலோ 150. உள்ளேயும் 95, வெளியேயும் 95 என்றால் இரண்டுக்கும் நடுவில் நடமாடுகிறவருக்கு எப்படி 150 வரும்? நடக்கும்போதும் பெருக்கும்போதும் சமைக்கும்போதும் தூசி கிளம்புகிறது, அதைக் கிளப்புகிறவர்தான் அதற்கு மிக அருகில் இருக்கிறார். ஆளைச் சுற்றி எப்போதும் ஒரு தூசிப்படலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஊரின் நடுவில் இருக்கும் கண்காணிப்பு நிலையத்துக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ஆகவே உங்கள் திட்டத்தில் மாசு எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கி மனித உடல்வரை ஒரு சங்கிலி இருக்க வேண்டும்: மூலம், பரவல், மனிதர் இருக்கும் இடம், அங்கே அவர் செலவிடும் நேரம், உள்ளே போகும் அளவு. எல்லாக் கண்ணியையும் நீங்களே அளக்க வேண்டியதில்லை. எதை அளக்கிறீர்கள், எதைக் கணித மாதிரி வைத்துக் கணக்கிடுகிறீர்கள், எதை அனுமானமாக வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும். பத்து இடங்களில் அளந்ததும் வீணில்லை, அந்த இடங்களில் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற தரவைச் சேர்த்தால் அதுவே எக்ஸ்போஷர் ஆய்வாகிவிடும்.

விலை குறைந்த சென்சார்களை வைத்துத் திட்டம் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதுவே புதுமை என்று எழுதாதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது.

இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவை துகளின் எடையை அளப்பதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து அதிலிருந்து எடையை ஊகிக்கின்றன. காற்றில் ஈரப்பதம் ஏறினால் துகள் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும், அதே துகளுக்குச் சென்சார் கூடுதல் எண்ணைக் காட்டும். சமையல் புகை, சாலைத் தூசி, வாகனப் புகை மூன்றுக்கும் ஒளிச்சிதறல் வேறுவேறு. அதனால் ஒரு இடத்தில் செய்த அளவுத்திருத்தத்தை இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எந்தத் தரமான கருவியின் பக்கத்தில், எத்தனை நாள், எந்தப் பருவத்தில் வைத்துத் திருத்தப்போகிறீர்கள் என்ற பத்தி இல்லாத விண்ணப்பத்தைப் படிக்கிற ஆள் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார்.

முன்னோடித் தரவு எவ்வளவு வேண்டும்?

பெரிய தரவு வேண்டாம். உங்கள் கருவி நீங்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் ஆட்கள்மேல் வேலை செய்யும் என்று காட்டினால் போதும். நாலைந்து பேர் ஒருநாள் மாட்டிக்கொண்டு நடமாடிய தரவு, ஆய்வுக்கூடத்தில் எடுத்த ஆயிரம் அளவீட்டைவிடப் பயன் தரும்.

எதைக் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 4 லிட்டர் இழுக்கும் பம்பு 24 மணி நேரத்தில் 5.76 கன மீட்டர் காற்றை வடிகட்டியின் வழியே இழுக்கும். காற்றில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருந்தால் வடிகட்டியில் 115 மைக்ரோகிராம் சேரும். நுண்தராசில் நிம்மதியாக நிறுக்கலாம். ஆனால் அந்தப் பம்பு கனமானது, சத்தம் போடும், ஒரு குழந்தை அதை நாளெல்லாம் சுமக்காது. சரி, நிமிடத்துக்கு 0.3 லிட்டர் இழுக்கும் சின்னக் கருவிக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். அதே 24 மணி நேரம், அதே காற்று, ஆனால் சேர்வது 8.6 மைக்ரோகிராம். எதையும் பிடிக்காத வெற்று வடிகட்டியையே களத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தால் சில மைக்ரோகிராம் கூடக்குறைய வரும். அப்படியென்றால் உங்கள் அளவீட்டில் எவ்வளவு நிஜம், எவ்வளவு தற்செயல் பிழை?

மதிப்பீட்டாளர் இந்தப் பெருக்கலைப் பக்க ஓரத்தில் போட்டுப் பார்ப்பார். அவருக்கு முன்னால் நீங்களே போட்டுவிடுங்கள். எத்தனை மாதிரிக்கு ஒரு வெற்று வடிகட்டி, நிறுக்கும் அறையின் வெப்பம், ஈரப்பதம், எவ்வளவு குறைவாக இருந்தால் ‘கண்டறிய முடியவில்லை’ என்று குறிப்பீர்கள், அப்படிப்பட்ட எண்களைப் பகுப்பாய்வில் என்ன செய்வீர்கள். அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் உங்களைக் களத்தில் இறங்கி வேலை செய்த ஆள் என்று காட்டிவிடும்.

இரத்தம், சிறுநீர் மாதிரி எடுத்தால் சங்கிலி முழுதும் வேண்டாமே?

உடலுக்குள்ளேயே அளந்துவிட்டோம், இனி என்ன என்று தோன்றும். ஆனால் உடல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்ஃபீனால் ஏ சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். புகையிலைப் புகையைக் காட்டும் கோட்டினினுக்கு அரைநாளுக்குச் சற்று மேல். இரத்தத்தில் ஈயத்துக்கு ஒரு மாதம்போல, அதே ஈயம் எலும்புக்குப் போய்விட்டால் பத்தாண்டுக் கணக்கு. பிஎஃப்ஓஎஸ் போன்ற ஃபுளோரின் சேர்மங்களுக்கு ஆண்டுகள்.

ஆகவே ஒரே ஒரு சிறுநீர் மாதிரியை வைத்து ஒருவரின் ஓராண்டு பிஸ்ஃபீனால் எக்ஸ்போஷரைச் சொல்கிறேன் என்றால், நேற்று மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்பதைத்தான் அளக்கிறீர்கள். எத்தனை மாதிரி, எந்த இடைவெளியில், ஏன் என்று பொருளின் அரைவாழ்வை வைத்து நியாயம் சொல்லுங்கள். இன்னொன்று: உயிர்க்குறியீடு (இரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கும் பொருள்) எவ்வளவு உள்ளே போனது என்று சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. மூலத்தைக் கட்டுப்படுத்துவதுதான் உங்கள் நோக்கம் என்றால் வெளி அளவீட்டையும் விடமுடியாது.

அளவீட்டுப் பிழையைப் பற்றி எழுதினால் திட்டம் பலவீனமாகத் தெரியாதா?

எழுதாவிட்டால்தான் தெரியும். எல்லா எக்ஸ்போஷர் அளவீட்டிலும் பிழை உண்டு என்பது குழுவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

எந்த வகைப் பிழை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஆளின் உண்மையான அளவைச் சுற்றிக் கருவி முன்னும் பின்னும் அலைந்தால் அது கிளாசிக்கல் பிழை. மாசுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அது பொதுவாக இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு பகுதியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சராசரியைக் கொடுத்துவிட்டால் வருவது பெரும்பாலும் பெர்க்சன் பிழை. அது தொடர்பை அவ்வளவாகத் திரிக்காது, ஆனால் நம்பக இடைவெளியை அகலமாக்கிவிடும். எந்த வகை உங்கள் திட்டத்தில் அதிகம், அதைக் கணக்கிட ஒரு சின்னக் கூட்டத்திடம் திரும்பத் திரும்ப அளப்பீர்களா, அப்புறம் அதை எப்படித் திருத்துவீர்கள் என்று இரண்டு பத்தி எழுதுங்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவரை இணை ஆலோசகராகச் சேர்த்துக்கொள்வது நல்லது, ஆனால் இந்த இரண்டு பத்தியையும் நீங்களே எழுதுங்கள். நேர்காணல் இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

நோய் விளைவையும் கட்டாயம் சேர்க்க வேண்டுமா?

நிதி தரும் அமைப்பைப் பொறுத்தது. ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் எக்ஸ்போஷரை மட்டும் ஆராயும் திட்டத்தையும் பார்க்கும், உடல்நலத்தோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று தெளிவாக இருந்தால். மூன்று ஆண்டுப் பணத்தில் எக்ஸ்போஷரையும் நன்றாக அளந்து, நோயையும் போதுமான எண்ணிக்கையில் பிடித்துவிடலாம் என்று எழுதும் திட்டங்களை நான் நம்புவதில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நீண்டகால ஆய்வு ஒன்றில் உங்கள் அளவீட்டைச் செருகுவதே புத்திசாலித்தனம். ஆட்கள் அவர்களுடையவர்கள், எக்ஸ்போஷர் கேள்வி உங்களுடையது.

எக்ஸ்போஷரைத் தனியாக நன்றாக அளப்பதன் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் ஹாப்பின் ஆய்வைச் சொல்லுங்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று 4 நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். விறகில் சமைத்தவர்களின் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்) எக்ஸ்போஷரின் நடுமதிப்பு கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், எரிவாயு பெற்றவர்களுக்கு 23.9. ஆனால் 2022இல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஆள்மேல் அளக்காமல் இருந்திருந்தால், “அடுப்பைக் கொடுத்தார்கள், யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்” என்று ஒரே வரியில் தள்ளியிருப்பார்கள். அளந்ததால் அப்படித் தள்ள முடியவில்லை. எதிர்பார்த்த விளைவு வராத இடத்திலும் அந்த ஆய்வு நிற்பதற்குக் காரணம் அதன் எக்ஸ்போஷர் அளவீடுதான்.

என் வழிகாட்டியின் திட்டத்திலிருந்து என்னுடையதை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

இளம் ஆய்வாளர் விருதுகளின் உயிர்நாடியே இது. வழிகாட்டியின் கருவியையோ ஆய்வுக்கூடத்தையோ பயன்படுத்துவதில் தவறில்லை. அவருடைய கேள்வியையே நீங்கள் கேட்கக் கூடாது. அவர் வாகனப் புகையைக் கணித மாதிரி வைத்துக் கணக்கிடுபவர் என்றால், அதே புகை பள்ளிக்கூட வகுப்பறைக்குள் எவ்வளவு நுழைகிறது என்பது உங்கள் கேள்வியாக இருக்கலாம். இந்தப் பகுதி உங்களுடையது, இதில் தான் இனி வேலை செய்யப்போவதில்லை என்று அவரே கடிதத்தில் எழுதிக்கொடுத்தால் குழுவின் சந்தேகம் தீர்ந்தது. எழுதித் தரத் தயங்குகிறார் என்றால், விண்ணப்பத்துக்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரிய பெயரைவிட உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மேல். “திறமையான, கடுமையாக உழைக்கும் இளைஞர்” என்று புகழ்பெற்ற ஒருவர் எழுதும் நாலு வரி எதற்கும் உதவாது. “மாதிரிகளில் பாதி ஈரத்தில் கெட்டுப்போனபோது சேமிக்கும் முறையையே மாற்றி மீதியைக் காப்பாற்றினார்” என்று எழுதும் ஒருவரைத் தேடுங்கள். கேட்கும்போதே உங்கள் திட்டச் சுருக்கத்தையும் கடைசித் தேதியையும் கொடுத்துவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்பே வேண்டுமா?

பெரும்பாலும் விண்ணப்பிக்கும்போது வேண்டாம், பணம் வருவதற்கு முன் வேண்டும். ஆனால் எக்ஸ்போஷர் ஆய்வுக்கே உரிய ஒரு சிக்கலை முன்பே யோசித்துவிடுங்கள். ஆளோடு போகும் கருவியில் இடங்காட்டி இருந்தால் அவர் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் உங்கள் கையில் வந்துவிடும். அந்தத் தரவை எப்போது அழிப்பீர்கள்? ஒரு வீட்டின் தண்ணீரில் ஈயம் மிகையாக இருந்தால் ஆய்வு முடியும்வரை காத்திருப்பீர்களா, உடனே சொல்வீர்களா? என்னைக் கேட்டால் உடனே சொல்ல வேண்டும், யார் சொல்வது, சொன்னபின் அந்தக் குடும்பம் எங்கே போய் உதவி கேட்பது என்பதையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பட்ஜெட்டில் எதை மறந்துவிடுகிறார்கள்?

உடைந்துபோகும், தொலைந்துபோகும் கருவிகள். மின்கலன்கள். ஆய்வில் கலந்துகொள்கிறவர்களின் நேரத்துக்கான தொகை. மாதிரிகளை உறைநிலையில் அனுப்பும் செலவு. கருவி வாங்கப் பணம் போட்டுவிட்டு, அதை மாட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வரும் களப் பணியாளருக்குச் சம்பளம் போட மறந்த பட்ஜெட்டுகள் நிறைய உண்டு.

முதலில் சுருக்கக் கடிதம் மட்டும் கேட்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?

கேள்வி, யாரிடம், எதை, எப்படி அளப்பீர்கள், ஏன் நீங்கள். மாசு உலகுக்கு ஆபத்து என்று முதல் பத்தியைச் செலவழிக்காதீர்கள், படிப்பவர் அதை நாற்பது கடிதத்தில் ஏற்கெனவே படித்திருப்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்து எழுதலாமா?

மொழியைத் திருத்திக்கொள்வது ஒன்று, திட்டத்தையே எழுதவைப்பது வேறு. பெரும்பகுதி அப்படி எழுதப்பட்ட விண்ணப்பங்களை ஏற்க முடியாது என்று என்ஐஎச் 2025இல் அறிவித்துவிட்டது. மற்ற அமைப்புகளின் விதியை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள்.

கிடைக்கவில்லை. மறுபடி போடலாமா?

விதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். என்ஐஎச்சில் அதே திட்டத்தைத் திருத்தி ஒருமுறை திரும்ப அனுப்பலாம், 37 மாதத்துக்குள். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டிவரும். அதனால் அங்கே அரைகுறைத் திட்டத்தைச் சும்மா போட்டுப்பார்ப்பது ஆபத்து.

மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று கோபம் வரும். பல நேரம் உண்மையிலேயே தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்பார். அவர் எந்த வாக்கியத்தைப் படித்து அப்படிப் புரிந்துகொண்டார் என்று உங்கள் திட்டத்தில் தேடுங்கள், திருத்த வேண்டியது அந்த வாக்கியத்தை.

கடைசி நாள் மாலை 5 மணி என்று போட்டிருக்கிறது. எந்த ஊர் 5 மணி?

ஐரோப்பிய ஆய்வு மன்றத்துக்கு பிரஸ்ஸல்ஸ் நேரம். என்ஐஎச்சுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரம். அதற்கும் முன்னால் உங்கள் நிறுவனத்தின் நிதி அலுவலகத்துக்கென்று ஓர் உள் கெடு இருக்கும், பெரும்பாலும் சில வேலைநாட்கள் முன்னதாக. கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த வாரம் விடுப்பில் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.